பிள்ளைங்க முன்னாடி மட்டும்

பயிற்சிப் பட்டறைக்கு ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் இரண்டு பேர் வர வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. ஒருவர் தலைமையாசிரியர். இன்னொருவர் யார் என்பதைத் தலைமையாசிரியரே முடிவு செய்யலாம். அந்த வரியைப் படித்து முடிப்பதற்குள்ளேயே கணக்கு முடிவு செய்துவிட்டாள். வரலாறுதான்.

கணக்கு என்பது அவள் பெயரல்ல. அந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது, பாடம்தான். "அறிவியலுக்குக் காய்ச்சலாம்", "மொழியைக் கூப்பிடுங்க, யாரோ பார்க்க வந்திருக்காங்க", "உடற்பயிற்சி இன்னிக்கும் தூங்கிட்டு இருக்கு பாருங்க" என்று பேச்சு ஓடும். புதிதாகச் சேர்பவர்கள் கொஞ்ச நாள் விழிப்பார்கள். பிறகு அவர்களும் ஒரு பாடமாகிவிடுவார்கள். அவளுக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்த மகள் அவளைவிட உயரமாக வளர்ந்து நிற்கும்வரை அவள் கணக்காகவே இருந்தாள். போன வருடம் பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலி இவளுக்கு வந்தது. அன்றோடு பாடம் போய் அவள் மேடம் ஆனாள். மனசுக்குள் மட்டும் இன்னும் தன்னைக் கணக்கு என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறாள். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

வரலாறு அவளுக்கு என்ன உறவு என்று ஒரே சொல்லில் சொல்வது கஷ்டம். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே மேசையின் இரண்டு பக்கமும் அவர்களுடையது. கணக்கின் மகள் வரலாற்றைச் சித்தி என்று கூப்பிடுவாள். கூடப்பிறந்த தங்கை ஒருத்தி கணக்குக்கு வெளியூரில் உண்டு. ஆனாலும் அந்த வீட்டில் வெறுமனே சித்தி என்றால் அது வரலாறுதான். அந்தத் தங்கையைத்தான் 'ஊர்ச் சித்தி' என்று அடைமொழி போட்டுச் சொல்வார்கள்.

அந்த வரலாறு போன வாரம் தலைமையாசிரியர் அறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், மாற்றல் கேட்கலாம்னு இருக்கேன். வடக்குப் பக்கம் இருக்கற பள்ளியில வரலாறுக்கு இடம் காலியா இருக்காம். நீங்க பரிந்துரை பண்ணினா கிடைச்சிடும்."

கணக்கு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "ஏன்?" என்று கேட்டிருக்க வேண்டும். வாசலில் யாரோ ஒரு பையனின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பார்க்கலாம்" என்றாள். தலைமையாசிரியர்கள் எல்லாரும் சொல்லும் அந்தப் 'பார்க்கலாம்'.

பரிந்துரை அனுப்பப் பட்டறை முடிந்த அடுத்த வாரம்வரை கெடு இருந்தது. பட்டறையோ மூன்று நாள். பள்ளிக்கூட மணி இல்லை, பிள்ளைகள் இல்லை, வாசலில் கைகட்டி நிற்க யாரும் இல்லை. அந்த மூன்று நாளில் எப்படியாவது அவளை இருத்திக்கொள்ள வேண்டும். எந்த நேரத்தில் பேச்சை ஆரம்பிப்பது, எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லவே கூடாது என்று கணக்கு படிப்படியாக யோசித்து வைத்தாள். அவள் பாடமே அப்படித்தானே.

இத்தனைக்கும் இருவருக்கும் சண்டை எதுவும் இல்லை. தலைமைப் பொறுப்பு ஏற்ற முதல் நாள், வழிபாட்டு மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தபோது, வரலாறு பக்கத்தில் வந்து காதோரம் கேட்டாள்.

"ஏய் கணக்கு, இனிமே உன்னை எப்படிக் கூப்பிடறது? மகாராணின்னா?"

"போடி. எப்பவும் போலத்தான்." கணக்கு சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தாள். ஒரு வாண்டு இவர்களையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. "பிள்ளைங்க முன்னாடி மட்டும் மேடம்னு சொல்லு."

நியாயமான பேச்சுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லாத இடம் ஏது? வராந்தாவில் பிள்ளைகள், மாடிப்படியில் பிள்ளைகள், ஆசிரியர் அறை ஜன்னலில் தொங்கிக்கொண்டு பிள்ளைகள். அலுவலக அறையில்கூட யாராவது ஒன்று மூக்கில் ரத்தம் வடிய உட்கார்ந்திருக்கும். பிள்ளைங்க முன்னாடி மட்டும் என்று ஆரம்பித்த 'மேடம்' நாள் முழுக்க நீண்டது. மேடத்தோடு ஒட்டிக்கொண்டு 'நீங்க' வந்தது. வரலாறு முதலில் அதைக் கேலியாகச் சொன்னாள், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. பிறகு சிமிட்டல் குறைந்தது. ஒரு நாள் பள்ளி விட்டு, கேட்டுக்கு வெளியே, சுற்றிலும் ஒரு பிள்ளைகூட இல்லாத நேரத்தில், "வரேன் மேடம், நீங்க கிளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேலியா நிஜமா என்று கணக்குக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

பட்டறைக்கு முந்தைய மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள். "சித்தியும் வர்றாங்களா? மூணு நாளும் உன்கூடவா? அப்ப உனக்கு ஜாலிதான்."

"படிக்கப் போறோம்."

"நீங்க ரெண்டு பேரும்? படிக்க?" மகள் சிரித்தாள். "சித்தி ஏன்மா நம்ம வீட்டுக்கு வர்றதே இல்ல இப்பல்லாம்?"

கணவர் மருந்துக் கடையின் மாலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டியபடியே, "சண்டையா?" என்றார்.

"சண்டை போட்டிருந்தாத்தான் பரவாயில்லையே" என்றாள் கணக்கு. "சமாதானமாவது ஆகியிருக்கலாம்."

*

பட்டறை ஒரு கல்லூரியின் மாடி அரங்கத்தில் நடந்தது. வட்ட மேசைகள், ஒவ்வொன்றிலும் சுருட்டி வைத்த சார்ட் தாள், கலர் பேனாக்கள், ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய். மேலே மின்விசிறிகள் சுழன்று, ஒட்டி வைத்த தாள்களையெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. பயிற்சியாளர் ஓர் இளைஞர். கன்னத்தோடு ஒட்டிய மைக். பேசும்போது நடந்துகொண்டே இருப்பார்.

வாசலிலேயே ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு கலர் நாடாவை மாட்டினார்கள். கணக்குக்கு மஞ்சள். வரலாற்றுக்குப் பச்சை.

"ஒரே பள்ளிக்காரங்க ஒரே மேசையில உட்காரக் கூடாது" என்றார் பயிற்சியாளர் உற்சாகமாக. "தினமும் பார்க்கற முகத்தையே இங்கயும் பார்க்கணுமா? புது நட்பு உருவாகட்டும்!"

மஞ்சள் மேசை ஜன்னலோரம். பச்சை மேசை மேடையோரம். கணக்கு படிப்படியாக யோசித்து வைத்ததில் முதல் படியே உடைந்தது.

ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் பிடித்து மாணவர்களாக உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் காலையில் பார்த்திருக்க வேண்டும். வகுப்பில் பேசாதே என்று வாழ்நாள் முழுக்கக் கத்தியவர்கள் ஓயாமல் பேசினார்கள். தாமதமாக வரும் பிள்ளையை வெளியே நிறுத்துகிறவர் தேநீர் இடைவேளை முடிந்து வெகுநேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். அதனால் பயிற்சியாளர் ஒரு விதி போட்டார். அவர் கையைத் தூக்கினால், பார்க்கிற எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். மதியத்துக்குள் எல்லாருக்கும் அது பழகிவிட்டது.

அறிமுகத்தின்போது ஒவ்வொருவரும் தன்னை ஒரு விலங்கோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். நீலச் சட்டை போட்ட தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து, "நான் புலி" என்றார். பின்னாலிருந்து அவருடைய ஆசிரியர், "பள்ளியிலயா சார், வீட்டுலயா?" என்று கேட்க, அரங்கமே சிரித்தது. புலியும் சிரித்தது.

வரலாற்றின் முறை வந்தது. "ஒட்டகச்சிவிங்கி. பரீட்சை ஹால்ல யார் எட்டிப் பார்க்கறாங்கன்னு நின்ன இடத்துலருந்தே கண்டுபிடிச்சிடலாம்."

மறுபடி சிரிப்பு. கணக்கும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பச்சை மேசையைப் பார்த்தாள். முன்பெல்லாம் இப்படி ஒரு ஜோக் அடித்ததும் வரலாறு முதலில் பார்ப்பது இவள் முகத்தைத்தான். எடுபட்டதா என்று தெரிந்துகொள்ள. இப்போது வரலாறு பயிற்சியாளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு தன் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் மிட்டாய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தலைமையாசிரியர்கள் எல்லாம் ஒரு பக்கம், ஆசிரியர்கள் எல்லாம் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. யாரும் சொல்லவில்லை. தானாகப் பிரிந்தது. ஆசிரியர்கள் பக்கத்தில் ஒரே கும்மாளம். இந்தப் பக்கத்தில் ஒழுகும் கூரை, அடைத்துக்கொண்ட கழிவறை, வராத குடிநீர்.

நீலச் சட்டைக்காரர் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "நம்ம பொழைப்பு மாமியார் பொழைப்பு மேடம். எல்லாரும் சமையல்கட்டுல சிரிச்சிட்டு இருப்பாங்க. நாம உள்ள நுழைஞ்சா பாத்திரம் தேய்க்கற சத்தம் மட்டும்தான் கேக்கும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கணக்கு எதிர்ப் பக்கத்தில் வரலாற்றைத் தேடினாள்.

*

இரண்டாம் நாள் மதியம் 'கடினமான உரையாடல்' என்றொரு பகுதி. தலைமையாசிரியர் தன் ஆசிரியரிடம் சங்கடமான விஷயத்தை எப்படிப் பேசுவது என்பதை நடித்துப் பழக வேண்டும்.

"இதுக்கு மட்டும் ஒரே பள்ளிக்காரங்க சேர்ந்து உட்காருங்க" என்றார் பயிற்சியாளர். "ஆனா ஒரு திருப்பம். ஆசிரியர்தான் தலைமையாசிரியரா நடிக்கணும். தலைமையாசிரியர் சாதாரண ஆசிரியரா நடிக்கணும். எதிர்ப் பக்கத்து வலி தெரியணும் இல்லையா?"

நாற்காலிகள் இழுபட்டன. வரலாறு வந்து கணக்கின் எதிரே உட்கார்ந்தாள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு இருவருக்கும் நடுவே ஒரு மேசை. மற்ற ஜோடிகள் எல்லாம் யார் என்ன பேசுவது என்று கூச்சலிட்டுக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் கண்ணில் அது பட்டது.

"நீங்க ரெண்டு பேரும் ரொம்ப அமைதி. வாங்க, மேடையில நீங்கதான் முதல்ல."

மேடையில் இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு சின்ன மேசை. பயிற்சியாளர் சூழ்நிலை அட்டையை உரக்கப் படித்தார். ஓர் ஆசிரியர் கொஞ்ச நாளாக யாரோடும் பேசுவதில்லை, ஒதுங்கியே இருக்கிறார். தலைமையாசிரியர் அவரை அழைத்துப் பேசுகிறார்.

வரலாறு உட்கார்ந்ததும் மூக்குக்கண்ணாடியை ஒரு விரலால் ஏற்றிவிட்டுக்கொண்டாள். இல்லாத ஒரு கோப்பைத் திறந்தாள். தலையைத் தூக்காமலே, "வாங்க டீச்சர், உட்காருங்க" என்றாள்.

அரங்கம் சிரித்தது. எல்லாத் தலைமையாசிரியர்களும் அப்படித்தான் என்று அவர்கள் சிரித்தார்கள். கணக்குக்கு மட்டும் அது தன்னுடைய குரல் என்று தெரிந்தது. தன் விரல், தன் கண்ணாடி, தன் 'உட்காருங்க'. நானா இப்படி? தலையைக்கூடத் தூக்காமலா?

"என்ன டீச்சர், கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கீங்க. யார்கூடயும் பேசறதில்லையாம். வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"வீட்டுல ஒண்ணும் இல்ல மேடம்."

அந்த 'மேடம்' நாக்கில் விளக்கெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. இதைத்தான் இவள் தினமும் சொல்கிறாளா?

"பின்ன?"

வேலைப்பளு அதிகம், கால அட்டவணை சரியில்லை என்று சொல்வதாகத்தான் கணக்கு நினைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"யாரும் என்கிட்டப் பேசறதில்ல மேடம்."

"பாவம்!" என்றது அரங்கத்தில் ஒரு குரல்.

"அவங்க பேசறதில்லையா, நீங்க பேசறதில்லையா?"

"நான் உள்ள வந்தாலே பேச்சு நின்னுடுது. காலை நீட்டி உட்கார்ந்திருந்தவங்க மடக்கிக்கறாங்க. வாயில போட்டதை மெல்லாம அப்படியே வச்சிருக்காங்க. எதுக்கு அவங்க சாப்பாட்டைக் கெடுக்கணும்? அதான் நான் தனியா சாப்பிட்டுக்கறேன்."

இல்லாத கோப்பின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்த வரலாற்றின் கை நின்றது. தலையைத் தூக்கினாள்.

"அதுக்குக் கதவை ஏன்டி சாத்திக்கற?"

அரங்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"திறந்திருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?" வரலாற்றின் குரல் நடிப்பிலிருந்து எப்போது இறங்கியது என்று சொல்ல முடியாது. "எத்தனை நாள் டப்பாவைத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன், தெரியுமா உனக்கு?"

"தட்டியிருக்கலாமே?"

"உன் கதவை நான் தட்டணுமா?"

கணக்கு வாயைத் திறந்தாள். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்தது எல்லாம் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தது. அப்போது பயிற்சியாளர் கையைத் தூக்கினார்.

அரங்கம் முழுவதும் கையைத் தூக்கியது. மேடையில் இருந்த இருவரும், பழக்கதோஷம், பேச்சை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, தூக்கிய கையோடு, உட்கார்ந்திருந்தார்கள்.

"அருமை, அருமை" என்றார் பயிற்சியாளர். "முதல்ல பாராட்டு. கண்ணைப் பார்த்துப் பேசினாங்க. உணர்ச்சி ரொம்ப உண்மையா இருந்துச்சு. சரி, என்ன திருத்தணும்? யாராவது சொல்லுங்க."

"மேடம் டி போட்டுட்டாங்க சார்!"

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"அதேதான்" என்றார் அவர், வரலாற்றின் பக்கம் திரும்பி, நல்ல மனசோடுதான். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். பதட்டத்துல வர்றதுதான். எவ்வளவு நெருக்கமா இருந்தாலும், பதவியில உட்கார்ந்து பேசும்போது 'நீங்க'தான். அதுதான் எதிர்ல இருக்கறவங்களுக்கு நாம குடுக்கற மரியாதை. எங்க, இன்னொரு தடவை, 'நீங்க' போட்டு."

இன்னொரு தடவை செய்தார்கள்.

"கதவைச் சாத்திக்கறீங்கன்னு ஒரு கருத்து இருக்கு டீச்சர்."

"கவனத்துல எடுத்துக்கறேன் மேடம்."

"எந்தப் பிரச்சினைன்னாலும் நீங்க எப்ப வேணும்னாலும் என்கிட்ட வரலாம்."

"ரொம்ப நன்றி மேடம்."

கைதட்டல் பலமாக இருந்தது. பயிற்சியாளர் இருவருக்கும் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்.

தேநீர் இடைவேளையில் வரலாறு குழாயடியில் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின தம்ளரையே மறுபடியும் கழுவினாள். கணக்கு பக்கத்தில் போய் நின்றாள். "ஏய்" என்று மட்டும் சொன்னாள். அதற்குள் நீலச் சட்டைக்காரர் பிஸ்கட்டோடு வந்துவிட்டார்.

"பிரமாதம் மேடம்! ரெண்டு பேரும் வீட்டுலயே ஒத்திகை பார்த்துட்டு வந்தீங்களா?"

"ஆமா சார்" என்றாள் வரலாறு. "ஒரு வருஷமா பார்த்தோம்."

*

மூன்றாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். குழுப் படம் எடுத்தார்கள். அதில் தலைமையாசிரியர்கள் நாற்காலியில், ஆசிரியர்கள் பின்னால் நின்றுகொண்டு. படம் எடுத்ததும் கூட்டம் கலைந்தது.

வரலாறு அண்ணன் வீட்டில் இருப்பவள். அவளுடைய பேருந்து வேறு, கணக்கின் பேருந்து வேறு. கணக்கு தன் பேருந்தை விட்டுவிட்டு வரலாற்றின் பேருந்தில் ஏறினாள். வீட்டுக்குப் போக அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழி. வரலாற்றுக்கும் அது தெரியும். ஜன்னல் பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள்.

இரண்டு நிறுத்தம் போனது. முன்னிருக்கையில் ஒரு குழந்தை இவர்களைத் திரும்பிப் பார்த்தது.

"போகாத" என்றாள் கணக்கு. யோசித்து வைத்த படிகள் எதுவும் நினைவில் இல்லை.

வரலாறு ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள். "உங்களுக்குக் கீழ வேலை பார்க்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல மேடம். நல்ல தலைமைதான். யார் கேட்டாலும் சொல்வேன்."

"இப்ப எதுக்கு மேடம்? இங்க எந்தப் பிள்ளை இருக்கு?"

வரலாறு முன்னிருக்கைக் குழந்தையைக் கண்ணால் காட்டினாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் போனது.

"எனக்கு ஒரு சிநேகிதி இருந்தா" என்றாள் வரலாறு. "எது நடந்தாலும் அவகிட்டதான் சொல்வேன். அண்ணி மூஞ்சியத் தூக்கி வச்சாலும் அவகிட்டதான், அம்மாவுக்கு உடம்புக்கு முடியலன்னாலும் அவகிட்டதான். இப்ப அவ இல்ல. அவ இல்லங்கறதை யார்கிட்டப் போய்ச் சொல்றது? அதையும் அவகிட்டதானே சொல்லணும்."

கணக்கு கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டாள். "நேத்து வந்துச்சே உன் வாயில. டி எல்லாம் போட்டியே."

"நேத்து நான் மேடம். அதான் வந்துச்சு." வரலாறு இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "மேல இருக்கறவங்க வாயில அது சுலபமா வரும். கீழ இருந்து சொன்னா திமிர். நான் உன்னை நீன்னு கூப்பிட்டு அறிவியல் கேட்டுச்சுன்னா, மேடத்துக்கு வேண்டியவளாம்னு பேசும். நீங்கன்னு கூப்பிட்டா எனக்கே நெஞ்சு எரியுது. தினமும் எரிய வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு?"

"அங்க போனா பழையபடி ஆயிடுமா?"

"தெரியல. நீ யாரோ ஒரு பள்ளிக்கு மேடம், நான் யாரோ ஒரு பள்ளியில டீச்சர். அப்பவாவது முடியுதான்னு பார்க்கணும். இங்கயே இருந்தா ஆகாதுன்னு மட்டும் தெரியுது."

"கதவைத் திறந்து வைக்கறேன்" என்றாள் கணக்கு. "ஒரு நாள் வா. வந்து பார்த்துட்டு அப்புறம் சொல்லு."

வரலாறு இறங்கும் இடம் வந்தது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். "சரி. பார்க்கலாம்."

அந்தச் சொல்லைத் தன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாளோ என்று கணக்குக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை மதியம் கணக்கு தன் அறைக் கதவை விரியத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு குப்பைக்கூடையை முட்டுக் கொடுத்து வைத்தாள். மேசைமேல் இருந்த கோப்புகளை எல்லாம் தரையில் இறக்கினாள். வரலாறு வந்தாள், டப்பாவோடு. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பொரியல் யாரு, அண்ணியா?"

"அண்ணிதான். உப்பைப் பார்த்தாலே தெரியலையா?"

கணக்கு கையை நீட்டினாள், எடுத்துக்கொள்ள. அப்போது அலுவலக உதவியாளர் கையெழுத்துக்கு ஒரு தாளோடு உள்ளே வந்தார். அவர் போனதும் உடற்பயிற்சி விடுப்புக் கேட்டு வந்து, வரலாறு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஓ, மீட்டிங்கா" என்று தயங்கி நின்றது. பின்னாலேயே ஒரு சிறுமி வாந்தி எடுத்துவிட்டாள் என்று கூட்டி வந்தார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் வரலாறு நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தாள். கால் மடங்கியது. வாயில் இருந்ததை மெல்லாமல் வைத்துக்கொண்டாள். கணக்கு அதைப் பார்த்தாள். வரலாறும் அவள் பார்ப்பதைப் பார்த்தாள்.

"நீங்க சாப்பிடுங்க மேடம்" என்று டப்பாவை மூடினாள் வரலாறு, அந்தச் சிறுமிக்காகக் குரலைத் தாழ்த்தி. கோபம் இல்லை. மிருதுவாகத்தான் சொன்னாள்.

கதவு மாலைவரை திறந்தே கிடந்தது. யார் யாரோ வந்தார்கள்.

பரிந்துரையை எழுதக் கணக்குக்கு அந்த வாரம் முழுக்க ஆயிற்று. இவர் போவது இப்பள்ளிக்கு இழப்பு என்று எழுதினாள். பிறகு, ஆயினும் இவர் விருப்பப்படி மாற்றல் வழங்கப் பரிந்துரைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். 'ஆயினும்' என்ற சொல் அவள் வாழ்க்கையில் அதுவரை எழுதியிராத ஒன்று.

*

வரலாறு போன பிறகு அவள் இடத்துக்கு உடனே யாரும் வரவில்லை. எட்டாம் வகுப்பின் வரலாற்றுப் பாடத்தைக் கணக்கே எடுத்துக்கொண்டாள். தலைமையாசிரியர் வகுப்பு எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று அறிவியல் சொன்னது. இருந்தாலும் எடுத்தாள். அரசர்கள் ஒருவரை ஒருவர் தோற்கடித்த கதையைக் கணக்குச் சூத்திரம் மாதிரி கரும்பலகையில் வரிசை போட்டு எழுதினாள். பிள்ளைகள் அதைப் பிழையில்லாமல் பார்த்து எழுதினார்கள்.

"மேடம், அந்த டீச்சர் இப்படி இடத்துல எல்லாம் ராஜா மாதிரி நடந்து காட்டுவாங்க" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"அப்படியா? நீ நடந்து காட்டு."

அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டு மாட்டேன் என்றாள். வகுப்பு சிரித்தது. கணக்கும் சிரித்துவிட்டு, பழக்கத்தில், வகுப்பறைக்கு வெளியே, எதிர் வராந்தாவில் வரலாற்றின் முகத்தைத் தேடினாள்.

அன்று மதியம் தன் அறையில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தாள். காரணம் இருந்தது. இப்போது நடக்கும் பாடம் எதுவரைக்கும் நடந்திருக்கிறது என்று பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கேட்டால்தான் தெரியும். அந்தக் காரணத்தை இரண்டு மூன்று முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டாள்.

"ஹலோ" என்றது வரலாற்றின் குரல். பின்னால் ஒரே இரைச்சல். தட்டுச் சத்தம், நாற்காலிச் சத்தம், நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம். புது ஆசிரியர் அறை.

"எட்டாம் வகுப்புல இப்ப நடக்கற பாடம்… எதுவரைக்கும் நடந்திருக்கு?"

"படையெடுப்பு வரைக்கும். வரி விதிச்சதைப் பத்தி இன்னும் ஆரம்பிக்கல. கேள்வி பதில் மட்டும் எழுதிப் போட்டிருக்கேன்."

"சரி."

"பின் பெஞ்ச்ல ஒருத்தன் காது சரியாக் கேக்காம இருக்கான். முன்னாடி உட்கார வைக்கணும்."

"வச்சிட்டேன்."

"அப்ப சரி."

அந்தப் பக்கத்தில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். "ஏய், யாருடி போன்ல? டீ ஆறுது!" என்று ஒரு பெண் குரல் கத்தியது. புதுசாய்ப் பழகியவளாக இருக்க வேண்டும். அதற்குள் டி சொல்லும் அளவுக்கு.

கணக்கு கைப்பேசியைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். வரலாறு அவர்களுக்கு என்ன பதில் சொல்வாள் என்று காத்திருந்தாள். வரலாறு அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு இரைச்சல் குறைந்தது. அறையை விட்டு வெளியே வந்துவிட்டாள் போல.

"சாப்பாடு ஆச்சா?" என்றாள் வரலாறு.

சாப்டியா என்று கேட்கவில்லை. சாப்டீங்களா என்றும் கேட்கவில்லை. நீயும் இல்லாமல் நீங்களும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது தமிழில். மாமனாரிடம் பேசும் புது மருமகள், பேரம் பேசும் கடைக்காரர், வயது தெரியாத அந்நியர், யாரை எங்கே வைப்பதென்று தெரியாதபோது எல்லாரும் அந்தச் சந்துக்குள்தான் புகுந்துகொள்வார்கள்.

கணக்கு எதிரே இருந்த டப்பாவைப் பார்த்தாள். இன்னும் திறக்கவில்லை.

"இனிமேதான்" என்றாள். "அங்க?"

"இங்கயும் இனிமேதான்."

பிறகு இரண்டு பக்கமும் மணி அடித்தது, கொஞ்சம் முன்னே பின்னே.